கறுத்த வெல்லத்தில் ஈஸ்ட் கொழுத்த கதை

"30-8-1999, திங்கள். கறுத்த வெல்லம், ஐந்தாம் நாள். காய்ந்த எடையில் பாதிக்கு மேல் கொழுப்பு. ஈஸ்ட் தன் கொழுப்பைத் தாங்கமாட்டாமல் வெளியேயும் விடுகிறது. மேடத்துக்குக் கடிதம் போட்டாயிற்று."

என் குறிப்பேட்டில் உள்ளபடியே எடுத்து எழுதியிருக்கிறேன். கடைசி வாக்கியத்தின் கீழே இரண்டு கோடுகள் வேறு போட்டிருக்கிறேன். இந்தக் குறிப்பில் தேதி சரி, கிழமை சரி, வெல்லம் சரி, கடிதம் போட்டதும் சரி. மற்றவை தவறு.

நொதித்தல் கூடங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். வெற்றிகளைப் பற்றி எழுத மற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதியதையெல்லாம் படித்துவிட்டேன், பெரும்பாலும் தேதியே இருப்பதில்லை. என்னிடம் தேதிகள் இருக்கின்றன. ஆகவே என் தவறை எழுதுகிறேன்.

கொல்லிமலையில் வாழவந்தி நாடு என்னும் ஊர்த்தொகுதியில் எங்களுக்கு ஒரு சிறு ஆய்வு நிலையம் இருந்தது. மிளகு காயவைத்து மூட்டை போட்டு வைத்திருந்த ஓட்டுக் கட்டடம். உள்ளே நுழைந்தால் முதல் ஒரு மாதம் எல்லோருக்கும் தும்மல் வரும். சர்க்கரையைத் தின்று கொழுப்பைச் சேர்த்துவைக்கும் ஈஸ்ட் ஒன்றை அங்கே வளர்த்துக்கொண்டிருந்தோம். இளஞ்சிவப்பு நிறம், பார்க்க அழகாக இருக்கும். மலையில் விழுந்து வீணாகும் பலாவையும் வாழையையும் அதற்குக் கொடுத்து, சோப்புக்கும் சமையலுக்கும் உதவும் கொழுப்பை எடுக்க முடியுமா என்பதுதான் கேள்வி. பலா ஓய்ந்துவிட்டதால் ஜூலை நடுவிலிருந்து வெல்லம். அது அடிவாரத்தில் காரவள்ளிக் கடையிலிருந்து பஸ்ஸில் ஏறி வரும்.

இந்த ஈஸ்டின் குணத்தை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். சர்க்கரையும் நைட்ரஜனும் சேர்ந்து கிடைத்தால் பெருகும். சர்க்கரை நிறைய இருந்து நைட்ரஜன் தீர்ந்துவிட்டால் பெருக வழியில்லாமல், தின்றதையெல்லாம் கொழுப்பாக்கி உடம்பில் வைத்துக்கொள்ளும். ஓய்வு பெற்றபின் எனக்கும் இதுதான் நடந்தது.

இருபது லிட்டர் கண்ணாடிக் குடுவையில் வெல்லக் கரைசல், அதற்குள் காற்று ஊத மீன்தொட்டிப் பம்புகள் நான்கு. காற்று ஊதினால் நுரை வரும். நுரை ஏறி மேலே வாயிலுள்ள பஞ்சடைப்பை நனைத்துவிட்டால், அந்த ஈரத்தின் வழியே வெளிக்கிருமி உள்ளே இறங்கும். ஐந்து நாள் உழைப்பும் போய்விடும். ஆகவே நுரையைக் காவல் காப்பதே ஒரு வேலை. அந்த வேலைக்குப் பழனியம்மா இருந்தார். அதே நாட்டில் பக்கத்துக் குக்கிராமத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். சாமையும் மரவள்ளியும் போட்ட கொஞ்ச நிலத்தோடு, எங்கள் நிலையத்து வேலையும் சேர்ந்துதான் அவர் வீடு நடந்தது.

"நுரை வெளியே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முதல் நாளே சொன்னேன்.

"பாத்துக்கறனுங்க" என்றார். எப்படி என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதமாக நுரை ஒருமுறைகூடப் பஞ்சைத் தொடவில்லை. அப்போதும் கேட்கவில்லை.

எங்கள் நிலையத்துக்குத் தலைமை, நகரத்தில் இருந்த ஓர் அம்மையார். மேடம் என்றுதான் எல்லோரும் சொல்வோம். என்னை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவந்தவரும் அவர்தான். என்ன முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "வெறும் குடுவை எங்கே?" என்று கேட்பார். ஈஸ்ட் போடாத குடுவை ஒன்றையும் பக்கத்தில் வைத்து, அதற்கும் எல்லாச் சோதனையும் செய்து காட்டவேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போயிருந்தது. மலையில் அந்தக் கேள்வி இல்லாமல் சுதந்திரமாக இருந்தேன். குடுவையும் ஒன்றுதான் இருந்தது, பம்புகளும் அதற்கே சரியாக இருந்தன என்று காரணம் சொல்லலாம். குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதியும் இருக்கிறேன். உண்மையான காரணம் சோம்பல்.

ஆகஸ்டில் முடிவுகள் வரத் தொடங்கின. வெளுத்த வெல்லம் போட்டால் கொழுப்பு ஓரளவு. கறுத்த வெல்லம் போட்டால் அமோகம். கறுத்த வெல்லத்தில் அழுக்கு அதிகம், அழுக்கில் நைட்ரஜனும் அதிகம், ஆகவே கொழுப்பு குறையவேண்டும். பாடப்புத்தகம் அப்படித்தான் சொல்கிறது. எங்கள் மலையில் தலைகீழாக நடந்தது. நான் என்ன செய்திருக்கவேண்டும் என்று உங்களுக்கு இப்போதே தெரிகிறது. நான் செய்தது, பாடப்புத்தகத்துக்கு ஒரு விதிவிலக்கு கண்டுபிடித்ததாக நான்கு பக்கம் எழுதியது.

இதைவிட வெட்கமான ஒன்றும் இருக்கிறது. கரைசலைக் கண்ணாடிக் குழாயில் விட்டு வேகமாகச் சுழற்றி ஈஸ்டைப் பிரிக்கும்போது, குழாயின் மேற்புறத்தில் மஞ்சளாக ஒரு எண்ணெய் வளையம் நின்றது. அதைப் பார்த்து, 'ஈஸ்ட் கொழுப்பைத் தாங்கமாட்டாமல் வெளியே விடுகிறது' என்று முடிவு செய்து, கரண்டியால் கவனமாகச் சுரண்டி, ஈஸ்டோடு சேர்த்து எடை போட்டேன். ஒரு துளிகூட வீணாக்கவில்லை.

கடிதம் கண்ட மேடம் உடனே பதில் எழுதினார். நிலையத்தை அந்த ஆண்டோடு மூடிவிடுவதாக இருந்ததாம். இந்த முடிவு உண்மையானால், சமவெளியில் சோப்புத் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு நிலையத்தைத் தாங்கத் தயார். இருவரும் செப்டம்பர் 17, வெள்ளியன்று மலைக்கு வருவார்கள். கடிதத்தைப் பழனியம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"அப்ப எனக்கு இன்னும் ரெண்டு வருசத்துக்கு வேல உறுதிங்களா?"

"உறுதி" என்றேன்.

"எல்லாம் இந்தச் செவத்த சனியன் புண்ணியத்துல" என்று குடுவையைத் தட்டிக்கொடுத்தார்.

செப்டம்பர் 15, புதன்கிழமை. விருந்தாளிகளுக்குக் காட்ட நல்ல கறுத்த வெல்லமாகப் பொறுக்கி வாங்கலாம் என்று நானே காரவள்ளிக்கு இறங்கினேன். வெல்லக்கடைக்காரர் ஜமால் பாய். இரண்டு மாதமாகப் பழனியம்மா எழுதியனுப்பும் சீட்டைப் பார்த்துப் பஸ்ஸில் சாமான் ஏற்றிவிடுகிறவர். என்னை நேரில் பார்ப்பது அதுதான் இரண்டாம் முறை. வெல்லத்தை எடுத்து வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு கல்லாவைத் தாண்டி என் பக்கம் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உடம்பு இப்ப தேவலாமுங்களா?"

"எனக்கென்ன பாய், நன்றாகத்தான் இருக்கிறேன்."

"இல்லீங்க, நமக்குள்ள என்னங்க மறைப்பு? எங்க மாமாவுக்கும் இதே தொந்தரவுதானுங்க. காலைல கொய்யாப்பழம் தின்னு பாருங்க, நாலு பழம். மலைல இல்லாத கொய்யாவா?"

"எதற்குப் பாய் கொய்யா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வாரம் தவறாம ஒரு பாட்டில் வெளக்கெண்ணெ மேல போகுதுங்களே சார். குதிரைக்கே அவ்வளவு குடுக்க மாட்டாங்க. பழக்கமாயிருச்சுன்னா அப்புறம் அது இல்லாம போகாதுங்க. அதான் சொன்னேன்."

"பழனியம்மா சாமி படத்துக்கு விளக்குப் போடுவார். அதற்காக இருக்கும்" என்றேன். கதவருகே மாடத்தில் அந்தப் புட்டியைத் தினமும் பார்த்திருக்கிறேன்.

"வாரத்துல வெள்ளிக்கெழம ஒரு நா போடற வெளக்குக்கா சார் ஒரு பாட்டிலு?" என்று சிரித்தார். "கறுத்த வெல்லம் போற வாரம் ரெண்டு பாட்டில்கூடப் போவுது."

வெல்ல மூட்டையை அங்கேயே கீழே வைத்தேன்.

காரவள்ளியிலிருந்து மேலே எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் ஒவ்வொரு வளைவிலும் எனக்கு ஒரு சமாதானம் தோன்றியது, அடுத்த வளைவில் அது கவிழ்ந்தது. பழனியம்மா எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கிறார். இல்லை, வெல்லத்தின் நிறத்துக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்? யாரோ வைத்தியர் வாங்கிக்கொள்கிறார். இல்லை, அதே கேள்வி. மேலே போய்ச் சேரும்போது ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியிருந்தது.

விளக்கெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. சமையல் எண்ணெய்கள் ஸ்பிரிட்டில் கரையாமல் தனியே நிற்கும். இது தெளிவாகக் கரைந்துவிடும். எங்கோ பழைய புத்தகத்தில் படித்தது. எதற்கும் உதவாதென்று நினைத்த படிப்பு. ஸ்பிரிட் விளக்கிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆகஸ்ட் 30-ஆம் தேதியின் அற்புதக் கொழுப்பை அதில் விட்டுக் குலுக்கினேன்.

பெரும்பகுதி கரைந்தது. அடியில் கொஞ்சம் மட்டும் கலங்கலாக நின்றது, அதுதான் ஈஸ்டின் சொந்தக் கொழுப்பு.

மறுநாள் காலை பழனியம்மாவிடம் கேட்டேன். மறைக்கவேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

"ஆமாங்க, ஊத்தறேன். நொரை ஏறுனா வேற என்னங்க பண்றது? நா நாலு வருசம் கீழ ஆலைக்கொட்டாயில வெல்லம் காய்ச்சப் போனவ. கொப்பரைல கரும்புப்பால் பொங்குச்சுன்னா சொட்டு வெளக்கெண்ணெ விடுவாங்க, அப்பிடியே அடங்கிரும். இங்கயும் அதே வெல்லந்தான? கறுத்த வெல்லம்னா நொரை பேயாட்டம் வருமுங்க. அதுக்கு நாளைக்கு மூணு நாலு கரண்டி வேணும்."

"வெளியிலிருந்து எதையும் உள்ளே விடக்கூடாது என்று சொன்னேனே?"

"எது உட்டாலும் கொதிக்க வெச்சு உடோணும்னுதான் சொன்னீங்க. கொதிக்க வெச்சுத்தான் உட்டேன். ஒரு நாளாச்சும் கிருமி வந்துச்சுங்களா?"

வரவில்லை. அதையும் என் திறமை என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

நடந்ததை விளக்கினேன். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே வைத்தார். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப நா மேல ஊத்துன எண்ணெயவே நீங்க கீழ புடிச்சு, நிறுத்துப் பாத்து, சந்தோசப்பட்டீங்களா? அன்னிக்கு எனக்கு முட்டாய் வேற குடுத்தீங்களே சாமி!"

சிரிப்பு ஓய்ந்ததும் முகம் மாறியது. "நாளைக்கு வாரவங்களுக்குத் தெரிஞ்சா, என்ன வேலைய உட்டு அனுப்பிருவாங்களா?"

"நான் பார்த்துக்கொள்கிறேன். நாளைக்கு மட்டும் அவர்கள் முன்னால் எண்ணெய் ஊற்றவேண்டாம்."

"நொரை வந்தா?"

"வராது."

"விருந்தாளி வந்துருக்காங்கன்னு நொரை மரியாதைக்கு நிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் பெருக்கப் போனார்.

அன்று மாலை நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடவேண்டும். குறிப்பேட்டை எடுத்து, "உதவியாளரின் கவனக்குறைவால்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். அந்த வாக்கியம் முடிந்தால் நான் தப்பித்துக்கொள்வேன், அவர் வேலை போய்விடும், இரண்டும் எனக்குத் தெரியும். நல்ல காலமாக, அதற்கடுத்த வார்த்தை வரவில்லை. மேடத்திடம் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று தள்ளிவைத்தேன். கெட்ட செய்தியைச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று தள்ளிவைப்பவர்களை நம்பாதீர்கள். எனக்கு அனுபவம் உண்டு.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஜீப் வந்தது. அன்று மழை என்று என் நினைவு, குறிப்பேட்டில் வெயில் என்றிருக்கிறது. குறிப்பேட்டையே நம்புவோம். எழுபது வளைவுகளில் மேடத்தின் முகம் வெளிறியிருந்தது. ஒரு கையால் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாயைப் பொத்தியபடி இறங்கினார். கையை எடுத்ததும் முதல் கேள்வி:

"வெறும் குடுவை எங்கே?"

"உள்ளே போகலாம் மேடம்" என்றேன்.

சோப்புக்காரர் கனத்த உடம்பு, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. வளைவுகளெல்லாம் அவரை ஒன்றும் செய்யவில்லை. உள்ளே வந்ததும் மேசையிலிருந்த கொழுப்புக் குப்பியைத் திறந்தார். ஒரு சொட்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி தேய்த்தார். முப்பது ஆண்டு எண்ணெயோடு புழங்கிய விரல்கள்.

"சார்," என்றார், "இது அச்சு அசல் வெளக்கெண்ணெ மாதிரியே இருக்குதுங்களே!"

முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் முகத்தில் சந்தேகமே இல்லை, பரவசம் இருந்தது.

"நா வெறும் கொழுப்புன்னுதான் நெனச்சு வந்தேன். உங்க ஈஸ்ட் வெளக்கெண்ணெயே செய்யுதுங்களா? இந்தப் பிசுக்கு வேற எதுலயும் வராதுங்க. மேடம், இது தெரிஞ்சிருந்தா நா போன மாசமே வந்திருப்பேனே! ரெண்டு வருசமென்ன, அஞ்சு வருசம் நடத்துங்க!"

நண்பர்களே, தவறு செய்தவனுக்குத் தண்டனை வரும் என்று நாம் தயாராக இருப்போம். பரிசு வந்தால் என்ன செய்வது என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. உண்மை அவர் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவரோ அதை அதிசயமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் செய்யவேண்டியதில்லை. தலையை ஆட்டினால் போதும். பாதி ஆட்டியும் விட்டேன்.

அப்போது குடுவையில் நுரை ஏறத் தொடங்கியது.

முதலில் ஒரு விரற்கடை. பிறகு நான்கு விரற்கடை. மூன்று பேரும் திரும்பிப் பார்த்தோம். பழனியம்மா குடுவைக்கு அருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றார், நான் சொன்னபடியே. கறுத்த வெல்லத்தின் நுரை, பழுப்பு நிறத்தில் குமிழ் குமிழாகக் கழுத்தை நோக்கி ஏறியது. மேடம் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே போனார். "பஞ்சு நனையப் போகுதே" என்றார். பம்பை நிறுத்தலாம், நிறுத்தினால் ஈஸ்ட் மூச்சுத் திணறும். நிறுத்தாவிட்டால் கிருமி இறங்கும். மேடம் என்னைப் பார்த்தார். சோப்புக்காரரும் என்னைப் பார்த்தார்.

பழனியம்மா மேலும் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அவரால் முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேலாக ஒருமுறைகூடப் பஞ்சை நனையவிடாதவர்.

"சார், ஊத்தட்டுங்களா?"

அந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் கழித்துப் பதில் சொன்னேன் என்று குறிப்பு இல்லை. என் வாழ்க்கையில் கடிகாரம் பார்க்காத இடம் அது ஒன்றுதான். அவர் கேட்டது எண்ணெயைப் பற்றி. வேண்டாம் என்றால் அன்றைய குடுவை போகும், பொய் நிலைக்கும், அவருடைய வேலையும் ஐந்து வருடத்துக்கு நிலைக்கும். ஆனால் அதன்பிறகு ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்க்கிற ஒரே சாட்சி அவர்தான்.

"ஊத்துங்க" என்றேன்.

மாடத்திலிருந்து புட்டி வந்தது. சின்ன வாணலியில் ஏற்கனவே கொதிக்கவைத்து ஆறவிட்டிருந்தார். கூடாதென்று நான் சொன்னபிறகும், எதற்கும் இருக்கட்டுமென்று. ஸ்பிரிட் விளக்கின் சுடருக்கருகே பக்கக்குழாயைத் திறந்து ஒரு கரண்டி விட்டார். நுரை, திட்டு வாங்கிய பிள்ளையைப்போல் அப்படியே கீழே உட்கார்ந்தது.

"என்னம்மா அது?" என்றார் சோப்புக்காரர்.

"வெளக்கெண்ணெங்க."

சோப்புக்காரர் தம் விரல்களைப் பார்த்தார். பிறகு குடுவையை. பிறகு புட்டியை. பிறகு விரல்களை வேட்டியில் மெதுவாகத் துடைத்துக்கொண்டார்.

"மேடம்," என்றேன், "புதன்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. இவர்மேல் தவறில்லை. நுரையை அடக்கச் சொன்னேன், அடக்கினார். எப்படி என்று நான் கேட்கவில்லை. வெறும் குடுவையும் வைக்கவில்லை."

மேடம் வெல்ல மூட்டைமேல் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. வளைவுகளின் மயக்கம் மீண்டும் வந்துவிட்டதோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி சிரித்தார்.

"வெறும் வெல்லக் கரைசலும் காற்றில் நுரைக்கும். இந்தம்மா அதிலும் எண்ணெய் விட்டிருப்பாங்க. ஈஸ்டே இல்லாத குடுவையில் ஐயாவுக்குக் கொழுப்பு கிடைச்சிருக்கும்! அதைப் பத்தி எத்தனை பக்கம் எழுதியிருப்பீங்க?"

சோப்புக்காரர் சிரிக்கவில்லை. "இத்தன தூரம் வரச் சொல்லி, கடைல வாங்குன வெளக்கெண்ணெயையே எனக்கு மோந்து பாக்கக் குடுத்திருக்கீங்க" என்றார். நியாயம்தான். பிறகு தொழில்காரரின் கேள்வியைக் கேட்டார்: "சரிங்க, எண்ணெயக் கழிச்சா, ஈஸ்ட் சொந்தமா செஞ்சது எவ்வளவுங்க?"

"தெரியாது" என்றேன். "எவ்வளவு ஊற்றினார் என்பதற்குக் கணக்கு இல்லை."

"ஏனில்லீங்க?" என்றார் பழனியம்மா.

கதவை இழுத்துச் சாத்தினார். அதன் பின்புறத்தில் மாதக் காலண்டர் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு தேதிக்குள்ளும் கரிக்குச்சியால் புள்ளிகள். கறுத்த வெல்ல நாட்களில் மூன்றும் நான்கும், வெளுத்த வெல்ல நாட்களில் ஒன்று, சில நாட்களில் ஒன்றுமில்லை.

"ஒரு கரண்டிக்கு ஒரு புள்ளிங்க. என்ன செஞ்சாலும் தேதி போடோணும், தேதி போடோணும்னு சார் உசிர எடுப்பாருங்களே. கதவு தெறந்தே கெடக்கறதால அவரு பாக்கல."

தேதிக்குப் பேர்போன நான், தேதியோடு எழுதப்பட்ட ஒரே உண்மையான பதிவுக்கு முதுகைக் காட்டி ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

கரண்டியை அளந்தோம். புள்ளிகளை எண்ணினோம். மதியச் சாப்பாட்டை மறந்து மேடமும் நானும் கழித்துக்கொண்டே போனோம், பழனியம்மா தேதி சொல்லச் சொல்ல. மிஞ்சியது, காய்ந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் வெளுத்த வெல்லத்தில்தான், கறுத்ததில் அதைவிடக் குறைவு. பாடப்புத்தகம் சொன்னபடியே.

"சோப்புக்குக் கட்டாதுங்க" என்று சோப்புக்காரர் எழுந்தார். வாசலில் நின்று பழனியம்மாவைப் பார்த்து, "அம்மா, நம்ம காய்ச்சற கொப்பரையிலயும் நொரை தொல்லைதானுங்க. எப்பவாச்சும் வேல வேணும்னா கீழ வாங்க" என்றார்.

"வெளக்கெண்ணெயில சோப்பு காய்ச்சறவருக்கு நொரைக்கு என்னத்தங்க ஊத்தறது?" என்றார் பழனியம்மா. அப்போதுதான் சோப்புக்காரர் சிரித்தார்.

பணம் போட அவர் வரவில்லை. நிலையத்தை மூடும் கடிதம் வரும் என்று அக்டோபர் முழுவதும் காத்திருந்தோம். பழனியம்மா தினமும் பஸ்ஸுக்குப் போய்த் தபால் இருக்கிறதா என்று கேட்டு வருவார். நவம்பரில் மேடத்தின் கடிதம் வந்தது. தம் பொறுப்பில் ஓராண்டு நீட்டித்திருந்தார், இரண்டு நிபந்தனைகளோடு: எப்போதும் ஒரு வெறும் குடுவை இருக்கவேண்டும். குடுவைக்குள் எது போனாலும் பதிவு செய்யும் பொறுப்பு பழனியம்மாவுடையது, அந்தப் பதிவில் தினமும் நான் கையொப்பம் இடவேண்டும். கடைசி வரியில், கொய்யா சாப்பிடுகிறீர்களா என்று விசாரித்திருந்தார். ஜமால் பாய் சொன்னதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று நான் பழனியம்மாவிடம் கேட்கவில்லை.

அந்த ஓராண்டு மேலும் இரண்டாண்டு நீண்டது. அடித்துவிட்ட அந்த வாக்கியம், "உதவியாளரின் கவனக்குறைவால்", குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது. ஒற்றைக்கோடுதான் போட்டேன், படிக்க முடியும். உங்கள் குறிப்பேட்டிலும் தவறை அப்படித்தான் அடிக்கவேண்டும், மை பூசி மறைக்கக்கூடாது. விதிமுறையாக இதை உங்களுக்கு ஏற்கனவே சொல்லியிருப்பார்கள். காரணம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது.

ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது.

அன்று புள்ளிகளைக் கழித்துக்கொண்டு வந்தபோது ஒரு குடுவை கணக்கில் அடங்கவில்லை. ஆகஸ்ட் 5, வியாழன் அன்று முடிந்தது. ஆடிப் பதினெட்டுக்காகப் பழனியம்மா அந்த வாரம் விடுப்பு, நுரையைப் பார்த்துக்கொண்டவர் அவர் தங்கை தங்கமணி. காலண்டரில் ஒரு புள்ளிகூட இல்லை. கறுத்த வெல்லம். கொழுப்போ பாதிக்கு மேல். மீதியிருந்ததை ஸ்பிரிட்டில் விட்டுக் குலுக்கினேன், கரையவில்லை. தனியே நின்றது. விளக்கெண்ணெய் இல்லை.

தங்கமணியைக் கூப்பிட்டுக் கேட்டோம்.

"நா எதையும் ஊத்தலீங்க. நொரை வந்துச்சு. மொறச்சுப் பாத்தேன். போயிருச்சு" என்றார்.

"அவ பொய் சொன்னா காது செவக்கும்" என்றார் பழனியம்மா, தங்கை போனபிறகு. "இன்னிக்குச் செவக்கல. ஆனா ஒண்ணு சாமி, அந்த வாரம் பலகாரம் சுட கடலெண்ணெ பத்தலீன்னு எங்கூட்டுக்கு வந்து கேட்டா. அதுக்கு மொத வாரந்தான் டின் நெறய வாங்கியிருந்தா."

அதே வெல்லம், அதே ஈஸ்ட், பக்கத்தில் வெறும் குடுவை என்று மூன்று முறை திரும்பச் செய்து பார்த்தோம். ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. தங்கமணியை அழைத்து முறைக்கச் சொல்லியும் பார்த்தோம்.

அந்தக் கொழுப்பில் கட்டைவிரல் அளவுக் குப்பி ஒன்று என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேதி ஒட்டியிருக்கிறது. இப்போதுள்ள கருவிகளில் அரைநாளில் தெரிந்துவிடும் என்று உங்களில் ஒருவர் சொன்னார். வாருங்கள், எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் குப்பி ஒன்றையும் கூடவே கொண்டுவாருங்கள். அதுவரை என் குறிப்பேட்டில் அந்தத் தேதிக்கு எதிரே உள்ளது உள்ளபடியே நிற்கும்:

"5-8-1999, வியாழன். கொழுப்பு பாதிக்கு மேல். ஈஸ்ட் செய்ததா, தங்கமணி வீட்டுக் கடலை எண்ணெயா? சரிபார்க்கப்படவில்லை."